தையல்காரரின் பத்து நாள்

எங்கள் தெருத் தையல்காரர் எதைக் கொடுத்தாலும் மறுநாளே தைத்துக் கொடுத்துவிடுவார். வேகத்துக்குப் பேர் போனவர். விஷயம் வேறு. அவருக்குத் திக்குவாய். 'பத்து நாள்' என்று சொல்லப் போனால் உதடு ஒட்டிக்கொள்ளும். 'நாளைக்கு' என்றால் வழுக்கிக்கொண்டு வரும். அந்த ஒரு சொல்லுக்காக இருபத்திரண்டு வருடம் முதுகொடியத் தைத்தார். ஊர் அதைத் தொழில்பக்தி என்றது.

எனக்கும் திக்கும். எழுதும்போது திக்காது, அதனால் எழுதுகிறேன்.

ஞாயிறு காலையில் ஒரு பள்ளியின் ஒன்றாம் வகுப்பறையில் திக்குகிறவர்கள் ஏழு பேர் கூடுவோம். பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயை இடிக்கும். பேர் சொல்லி முடிக்கவே ஒரு மணி நேரமாகும். சட்டம் ஒன்றுதான்: அடுத்தவர் சொல்லை எடுத்துக்கொடுக்கக் கூடாது.

தையல்காரரை நான்தான் இழுத்துப் போனேன். வந்த அன்றே சட்டத்தை மீறினார். ஒருவர் "நான் க... க..." என்று நிற்க, இவர் இரக்கம் தாங்காமல் "கண்டக்டரா?" என்றுவிட்டார்.

"அது எ-எனக்குத் தெரியும்ணே. சொல்லத்தான் நேரம் வேணும்."

திரும்பும் வழியில் தையல்காரர் சொன்னார்: "யாரு எதை எடுத்துக் குடுத்தாலும் தலையாட்டிடுவேன். அதுல முக்கால்வாசி நான் நினைச்சதே இல்ல."

அவர் மகளுக்கு அப்போது நிறைமாதம். முதல் பிரசவத்தின்போது இவர் யாருடைய கால்சட்டையையோ தைத்துக்கொண்டிருந்தார். மகளுக்கு அது ஆறாத வருத்தம். இந்த முறை வந்தே தீர வேண்டும் என்று சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை மகள் ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

சனிக்கிழமை ஒரு அம்மாள் திரைச்சீலைத் துணியை மூட்டையாகக் கொண்டுவந்து வைத்தாள். என் பேன்ட்டின் நீளத்தைக் குறைக்க நானும் அங்கே இருந்தேன்.

"எப்பண்ணே கிடைக்கும்?"

"ப..."

"புதன்கிழமையா?"

தலையாட்டினால் வேலை முடிந்தது. மகள் முகத்தில்தான் விழிக்க முடியாது. எடுத்துக்கொடுக்க என் நாக்கு துடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் இல்லையென்று தலையசைத்தார். நெற்றியில் வியர்த்தது.

"ப... ப... பத்து நாளாகும்மா. மக பி-பிரசவத்துக்குப் போறேன்."

சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆனது.

"அதுக்கென்னண்ணே? வீடே இன்னும் கட்டி முடியல. அடுத்த மாசம் குடுங்க போதும்." போய்விட்டாள்.

தையல்காரர் மெஷின்மேல் கையூன்றி உட்கார்ந்தார்.

"இருபத்திரண்டு வருஷம். ஒருத்தருக்குமே அவசரம் இருந்திருக்காதோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அழுகிறார் என்று பிறகுதான் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பேன்ட்டையும் மடித்து அந்த மூட்டைமேல் வைத்தார். அதற்கும் பத்து நாளாம்.

எனக்கு உண்மையிலேயே அவசரம். சொல்லவில்லை.