பேஸ்மென்டுக்குள் இறங்கிய வெயில்

குளிர்தேசத்துப் புறநகரான மில்லிக்கனில் நாங்கள் குடியிருந்த பேஸ்மென்டுக்கு ஒரேயொரு யன்னல். கூரையோடு ஒட்டி, தெற்குப் பார்த்து, வெளியே புல் மட்டத்தில் இருந்தது. கோடையில் வெயில் அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். மாரியில் சூரியன் தாழத் தாழ, உள்ளே நீளும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழியில் அது என் மாமனாரின் கட்டிலில் ஏறியது. முதலில் பாதம். பிறகு முழங்கால். மத்தியானத்துக்கு மத்தியானம் கொஞ்சம் மேலே. யாரோ அவரை அளவெடுப்பதுபோல இருந்தது எனக்கு. மனைவியிடம் அதைச் சொல்லவில்லை.

மாமாவின் ஈரல் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கிடக்கமாட்டேன் என்று வந்துவிட்டார். ஒரே பிடிவாதம் அவருக்கு: தட்சிணாயனத்தில் போகக்கூடாது, சூரியன் வடக்கே திரும்பிய பிறகுதான் போகவேண்டும். எங்கள் பஞ்சாங்கப்படி அது தை பிறக்கும் நாள். அந்தப் பிடிவாதம் எங்களுக்கும் வேண்டியிருந்தது. அவருடைய ஒரே மகன், என் மச்சான், பாங்கொக்கில், ஆள் அனுப்பும் ஏஜென்டின் கையில் இருந்தான். தையில் ஏற்றி விடுகிறேன் என்றிருந்தான் ஏஜென்ட். மாமா அப்படி எத்தனையோ திகதிகளைக் கேட்டுக் களைத்தவர். மகனை நம்புவதை விட்டுவிட்டுச் சூரியனை நம்பினார். நாங்களும் அதையே பிடித்துக்கொண்டு தொங்கினோம்.

மேலே வீட்டுக்காரி. ஹொங்கொங்கிலிருந்து வந்த விதவை. அவர் சமையலறையில் ஒரு கலண்டர். ஆண்டை இருபத்துநான்கு துண்டாக்கி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தது. சிறு பனி, பெரும் பனி என்று அவரே எனக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டுவார். அந்த மார்கழியில் ஒருநாள் ஒரு கோப்பையோடு கீழே வந்தார். இஞ்சிப் பாகில் வெள்ளை வெள்ளையாக அரிசிமா உருண்டைகள். நாட்கணக்காகச் சாப்பிடாத மாமா ஒன்றை வாயில் வைத்தார். தன் பழைய கந்தோர் உத்தியோகத்து ஆங்கிலத்தில், என்ன விசேஷம் என்று கேட்டார்.

"இன்றைக்குத்தான் மிகவும் குறுகிய பகல். இனிச் சூரியன் திரும்பும்" என்றார் வீட்டுக்காரி, சந்தோசமாக.

வீட்டுக்காரி படியேறும்வரை மனைவி பொறுத்திருந்தாள்.

"அது அவையின்ர கணக்கப்பா. எங்களுக்குத் தைதான்."

"சூரியனும் ஏஜென்டே பிள்ளை, ஆளுக்கொரு திகதி சொல்ல?" என்றார் மாமா.

வெயில் அப்போது அவர் மார்பில் கிடந்தது. சட்டையின் மேல் பொத்தானைத் தொட்டுக் காட்டினார். "இதில நிக்குது, பாத்துக்கொள்ளும் தம்பி. திரும்பினா கீழ இறங்கும்."

பின்னேரம் பனி கொட்டி யன்னலை மூடியது. நான் பனி வழிக்கும் சவளை எடுத்துக்கொண்டு படியேறினேன். மனைவி பின்னால் வந்தாள்.

"இஞ்சருங்கோ, யன்னலடியை வழிக்க வேண்டாம்."

"உள்ளுக்கு இருட்டாக் கிடக்குமே."

"கிடக்கட்டும். தை பிறக்குமட்டும்."

வழிக்கவில்லை. அறை தண்ணீருக்கடியில் இருப்பதுபோல நீலமாகியது. "வெயில் இல்லையோ?" என்பார் மாமா. "வானம் மப்பப்பா" என்பாள் மகள். தினமும் அதே கேள்வி, அதே மப்பு. ஏஜென்ட் போன் எடுத்து, ரிக்கற் சரி, பொங்கலோடு ஆள் வரும் என்றான். மேலே கலண்டர் சிறு குளிருக்கு மாறியிருந்தது. சூரியன் திரும்பிய பிறகுமா குளிர் என்று வீட்டுக்காரியிடம் கேட்டேன்.

"திரும்பிய பிறகுதான் குளிர். அடுத்தது பெருங்குளிர்" என்றார். அவருக்கு அது வெறும் கலண்டர். நான் தை பிறக்க இன்னும் எத்தனை நாளென்று எண்ணினேன்.

பொங்கலுக்குச் சில நாட்கள்தான் இருந்தன. காலை வேலை முடிந்து வருகிறேன், வீட்டுக்காரி விளக்குமாறோடு யன்னலடியில் நிற்கிறார். கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

"பாவம், கிழவர் இருட்டில் கிடக்கிறார்" என்றார். நன்றி சொன்னேன்.

கீழே ஓடினேன். மனைவி யன்னலுக்கு முதுகு காட்டி, கட்டில் காலடியில் நின்றாள். அவளுடைய நிழல் தகப்பனை முழுதாகப் போர்த்தியிருந்தது.

"தள்ளி நில் பிள்ளை."

"கண் கூசுமப்பா."

"தள்ளி நில்."

தள்ளி நின்றாள். வெயிலின் விளிம்பு கடைசிப் பொத்தானில் நின்றது. மாமா குனிந்து பார்த்தார். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. காத்திருந்த பஸ் திருப்பத்தில் தெரிந்தது போலிருந்தது.

"இறங்கியிட்டுது" என்றார். பிறகு, "அவன் வந்தா முதல்ல சாப்பாட்டைக் குடுங்கோ."

அதன்பின் வெயிலைக் கேட்கவில்லை. திகதியைக் கேட்கவில்லை. கரண்டியால் ஊட்டிய தண்ணீர் கடைவாயால் வழிந்தது.

அந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் பானை ஏறவில்லை.

மச்சான் பெருங்குளிரில் வந்து சேர்ந்தான். மெல்லிய ஜக்கெட், சொக்ஸ் இல்லாத சப்பாத்து. "அப்பா எதில கிடந்தவர்?" என்று கேட்டான். அக்கா கட்டிலைக் காட்டினாள். வெயில் கட்டிலின் நடுவுக்கும் கீழே போயிருந்தது. அதற்குள் போய் உட்கார்ந்து கைகளை விரித்து வைத்தான். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்தாள்.