தம்பி ஒரேயொரு தடவை கேட்டது

தம்பியை வழியனுப்ப வந்தவர்களுக்கும் இந்த முப்பத்தோராம் நாளில் எங்களோடு கூடியிருப்பவர்களுக்கும் மூத்த அக்காவின் வணக்கம். இப்படியான நினைவு மலரில் 'அவர்' என்றுதான் எழுத வேண்டும் என்கிறாள் மகள். நான் மூக்குத் துடைத்துவிட்ட பிள்ளையை அவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து இது. பிழை கண்டால் சிரியுங்கள். தம்பியும் சிரித்திருப்பான்.

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் நான்கு பெண்களுக்குப் பிறகு பிறந்தவன் அவன். அப்பா நேரத்தோடு போய்விட்டார். அக்காமார் நால்வரும் கரைசேரும்வரை தனக்குக் கலியாணப் பேச்சே வேண்டாம் என்று மீசை முளைக்கும் முன்னரே சொல்லிவிட்டான். அகதியாக ரொறன்ரோ வந்து, சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, மாலை வகுப்பில் இயந்திரம் திருத்தப் படித்து, எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். கடைசி அக்காவுக்குத் தாலி ஏறியபோது இவனுடைய தலைமயிர் பாதி போய்விட்டது.

"இனி உனக்குத்தான் பாக்கவேணும்" என்றேன்.

"இனி என்னை ஆர் அக்கா பாக்கிறது?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

ஐம்பது வயதில், சுரங்க இயந்திரங்களைப் பராமரிக்க அவனுடைய கம்பனி வட சீனாவுக்கு அனுப்பியது. விமானம், ரயில், பஸ் எல்லாம் முடிந்து கடைசியில் நிலக்கரி லொறியில் ஏறித்தான் அந்த ஊருக்குப் போகவேண்டும். சுற்றிவர மொட்டை மலை. எங்கள் ஸ்காபரோக் குளிரே வெட்கப்படும் குளிர். அடியில் நெருப்பு எரியும் செங்கல் கட்டிலில் படுத்தான். அந்த மாவட்டத்துக்கே அவன் ஒருவன்தான் வெளிநாட்டுக்காரன். வெளியே போய் வரும் ஒவ்வொரு தடவையும் பொலிசில் போய்ப் பதியவேண்டும்.

"என்ர படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பாப்பான் அக்கா. என்னை மாதிரி அங்கை வேறை ஆர் இருக்கினம் எண்டு தேடுறானோ தெரியாது!"

சின்னப் பிள்ளைகள் கறுப்புக் கழன்று வருகிறதா என்று அவனுடைய கையைத் தேய்த்துப் பார்ப்பார்களாம். "ஆனால் வேலை முடிஞ்சு சுரங்கத்தாலை வரேக்கை எல்லாரும் என்ர நிறம்தான். அந்த அரைமணித்தியாலம் நானும் அந்த ஊர்க்காரன்" என்பான். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

ஞாயிறு காலையில் போன் எடுப்பான். அந்த நேரம் டோர்செட் பார்க்கில் எங்கள் மாடியில் இருக்கும் அயல்வீட்டுப் பெண்கள் நால்வர் என் வீட்டில் தேத்தண்ணி குடிக்க இருப்பார்கள். தம்பியின் போனை ஸ்பீக்கரில் போட்டு அவனைப் பகிடி பண்ணுவதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை. அவனுக்கு அது தெரியாது.

சீனாவுக்குப் போய் ஐந்தாம் வருடம் ஒருநாள் கேட்டான்: "அக்கா, ஸ்பீக்கரிலையோ போட்டிருக்கிறியள்?"

"இல்லையடா, சொல்லு."

அந்தப் பொய்யை இன்றைக்கு அச்சில் ஒப்புக்கொள்கிறேன்.

"கன்ரீனிலை சமைக்கிற லான் எண்டு ஒரு மனிசி. புருசன் சுரங்கத்துக்குள்ளை செத்துப்போனார். எனக்குச் சளி இறுகிக் கிடக்கேக்கை, பனி விழுந்து றோட்டு மூடின ஒன்பது நாளும் தினைக்கஞ்சி காய்ச்சித் தந்தவ. அவவைக் கலியாணம் கட்டலாமோ எண்டு கேக்க நினைக்கிறன். அம்மா இருந்தா அம்மாட்டைக் கேட்டிருப்பன். நீங்கள் என்ன சொல்லுறியள் அக்கா?"

நால்வரும் வாயைப் பொத்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். என்ன சொல்லிச் சிரிக்கவைக்கப் போகிறேன் என்ற பார்வை அது. எனக்கு அந்தப் பார்வை போதும்.

"எடேய், ஐம்பத்தைஞ்சிலை மாப்பிள்ளையோ? பல்லுச் செட்டைக் கழட்டி வைச்சிட்டோ தாலி கட்டப்போறாய்?"

வீடே வெடித்தது. ஐந்து பேரின் சிரிப்பும் அவனுக்குக் கேட்டிருக்கும். பிறகு அவனும் சிரித்தான்.

"சும்மா பகிடிக்குக் கேட்டனான் அக்கா. அங்கை பனியோ?"

அதற்குப் பிறகு அந்தப் பெயரை அவன் எடுக்கவேயில்லை. எனக்குக் கேட்கத் துணிவும் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து இருமிக்கொண்டு திரும்பி வந்தான். என் வீட்டு மூலை அறையில் எட்டு மாதம் இருந்தான். அப்போதும் நான் பகிடிதான் விட்டேன்.

செத்தவீடு முடிந்த பிறகு அவனுடைய போனில் லானின் இலக்கத்தைக் கண்டேன். கீழ்மாடிச் சீனப் பெண்ணை மொழிபெயர்க்க வைத்து லானுக்குச் செய்தி சொன்னேன். நெடுநேரம் அழுதார். பிறகு, உலகத்திலேயே பெரிய பகிடிக்காரி தன் அக்காதான் என்று தம்பி சொல்வான் என்றார். என் பகிடிகளைக் கன்ரீனில் எல்லோருக்கும் சீனத்தில் சொல்லிச் சிரிக்கவைப்பானாம்.

"அவன் உங்களிட்டை ஏதும் கேட்டவனோ?" என்று கேட்டேன்.

"இல்லை. கேட்பார் என்று இரண்டு குளிர்காலம் காத்திருந்தேன்."

என் வாயில் ஒரு பகிடியும் வரவில்லை.

மருத்துவம் பார்த்தவர்களுக்கும், சாப்பாடு சமைத்துத் தந்த அயலாருக்கும், சவப்பெட்டி தூக்கிய பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தம்பியைக் கஞ்சி ஊற்றிக் காப்பாற்றிய லானுக்கு நன்றி சொல்ல எனக்கு முகமில்லை. இந்த மலரில் ஒன்றை அவருக்கு அனுப்புகிறேன். உறையில் அவர் பெயருக்கு முன்னால் 'மச்சாள்' என்று, தம்பி மனைவியைக் கூப்பிடும் முறையில், என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.