உயிரோடு கட்டிக்கொண்ட கோடி

அன்பான சபையாரே, நான் பேச்சுக்காரி இல்லை. ஆனாலும் கர்த்தர் செய்ததைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

மேட்டூர் அணை கட்டி முடிந்த மறு வருஷம், ஐப்பசி மாதம். நாமக்கல்லுக்கு மேற்கே ஒரு தோட்டத்து வீட்டில், பாவாயம்மாள் என்பவரைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்திருந்தார்கள். கர்ப்பப்பையில் புற்று. ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். முதுகுப் புண்ணைக் கழுவி வாழையிலையில் படுக்க வைப்பேன். பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பேன். அவ்வளவுதான் என்னால் ஆனது.

வலியைக்கூடப் பல்லைக் கடித்துத் தாங்கினார். வேறொன்றுதான் அவரை அரித்தது. "பொறந்த ஊட்டுக் கோடி இல்லாமயே போகப் போறேன் நர்சம்மா" என்று அழுவார். அந்தப் பக்கத்தில் ஒரு பெண் இறந்தால், கூடப்பிறந்தவன் கொண்டுவரும் புதுச்சேலையைப் போர்த்தித்தான் எடுப்பார்கள்; அதுதான் கோடி. இவருடைய தம்பி செல்லப்பனோ பேச்சை விட்டுப் பல வருஷம். முறைப்பெண்ணான அக்கா மகளைத் தன் மகனுக்குத் தராமல், உறவில்லாத அசலில் கொடுத்துவிட்டார்கள் என்று கோபம். பாவாயம்மாளின் மகன் ராமசாமியும் லேசுப்பட்டவர் இல்லை. மாமனுக்குச் சொல்லி அனுப்பலாமே என்றேன். "அந்த ஊட்டுப் பேச்ச எடுத்தீங்கன்னா நீங்க கெளம்பிக்கலாமுங்க" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, சுகம் கேட்கவில்லை. இந்த அம்மாளை இப்படி ஏங்கவிட்டு அழைத்துக்கொள்ளாதேயும். எனக்கு வழி தெரியவில்லை, நீரே பாரும்" என்றேன். ஜெபமா அது, சண்டைதான் போட்டேன்.

மறுநாள் வலிக்கு மருந்து வாங்கிவர, பண்ணையாள் மாரப்பனை ராசிபுரம் பக்கம் ஒரு வைத்தியரிடம் அனுப்பினார் ராமசாமி. அதுவேதான் தம்பியின் ஊரும். "மருந்த வாங்கிட்டு, ஆருகிட்டயும் வாய் தொறக்காம வந்துரு" என்று மிரட்டித்தான் அனுப்பினார். இந்த வீட்டு ஆளை அந்த ஊரில் பார்த்து எத்தனையோ வருஷம். அவனைக் கண்டதுமே, சாவுச் செய்திதான் என்று முடிவுகட்டி, செல்லப்பன் வீட்டுப் பெண்கள் மாரடித்து அழத் தொடங்கிவிட்டார்கள். மாரப்பன் எஜமான் சொல்லைத் தட்டாமல் வாயே திறக்கவில்லை. செல்லப்பன் வண்டியைப் பூட்டிக்கொண்டு நேரே ஜவுளிக் கடைக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் சாயங்காலம், கையில் கோடியோடு "அக்கா, போயிட்டியா" என்று கதறிக்கொண்டு அவர் உள்ளே வந்தார். கட்டிலில் அக்கா கண்விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உயிரோடிருப்பவருக்கு யாராவது கோடி கொண்டுவருவார்களா? ராமசாமி தடியை எடுத்துவிட்டார்.

பாவாயம்மாள் சிரித்தார். அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. "வா சாமி. தன்னோட கோடியக் கண்ணுல பாத்துட்டுப் போனவ எவ இருக்கறா? குடு, இப்பவே கட்டிக்கறேன்." சேலையைத் தடவிப் பார்த்து, "கரை இத்தினிதானா? உன்ற கஞ்சத்தனம் இன்னும் போவலியே" என்றார்.

தம்பி அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். ராமசாமி தடியைப் போட்டுவிட்டு மாமனுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். நான்தான் சேலையைச் சுற்றிவிட்டேன். என் கண்ணீரும் அதில் விழுந்தது.

அந்த வாரமே, தம்பி கையால் பால் குடித்து, அவர் மடியில் தலைவைத்து, ஒரு முனகலும் இல்லாமல் அந்த அம்மாள் போனார். வேறு கோடி எடுக்கவில்லை.

சாவுப் படுக்கையில் ஜெபிக்க என்ன இருக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் படுத்திருப்பவரிடம் முதலில், "ஆரப் பாக்கோணுமுங்க?" என்று கேட்கிறேன். பிறகு முழங்கால் போடுகிறேன். ஸ்தோத்திரம், அவர் என்னை வெட்கப்படுத்தியதில்லை.

உங்கள் வீட்டிலும் இனிப் பிழைக்கமாட்டார் என்று ஒருவர் படுத்திருந்தால், ஜெபத்தை நிறுத்திவிடாதீர்கள். தைரியமாகக் கேளுங்கள். நாம் அடைத்துவைத்த வாசலுக்கும் வண்டி அனுப்புகிறவர் நம் ஆண்டவர்.