வேலிப் பொட்டு

கிணற்றுத் தண்ணீரைப் பற்றிப் படிப்பதும் படிப்பிப்பதும்தான் என் தொழில். அந்தப் படிப்பை யாரிடம் எப்படிக் காட்டக்கூடாதோ, அவரிடம் அப்படியே கொண்டுபோய்க் காட்டினேன்.

பல்கலைக்கழகத்தில் ஏழு வருடம் படிப்பித்தால் ஒரு வருடம் ஆராய்ச்சிக்கென்று விடுவார்கள். சபற்றிக்கல் லீவு. கொழும்பிலிருந்து நானும் கணவரும் ஏழு வயது மகளும் சாமான் சட்டிகளோடு அச்சுவேலியில் வந்து இறங்கினோம். தோட்டங்களுக்குப் போடும் உரம் கிணறுகளில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க வந்தேன். கணவருக்குக் கணினி வேலை. நெட் இருந்தால் அவருக்கு எந்த ஊரும் ஒன்றுதான்.

வாடகை வீட்டுக் கிணறு உவர். குளிக்கலாம், குடிக்க முடியாது. வந்த அன்றே பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"குடிக்கிற தண்ணியை எங்கடை கிணத்திலை அள்ளுங்கோ. றோட்டாலை சுத்தி வரவேண்டாம், உதிலை பொட்டு இருக்கு."

பொட்டு என்பது வேலியில் ஓர் ஆள் குனிந்து போகுமளவுக்கு விட்டிருக்கும் வழி. ஒரு கிழமைக்குள் என் மகளுக்கு அதுவே வாசலாகிவிட்டது. அங்கே ஓர் ஆட்டுக்குட்டி இருந்தது, பிறகென்ன! நான் குடத்தோடு போனால் அக்கா வெறும் தண்ணீரோடு திருப்பி அனுப்பமாட்டார். இரண்டு முருங்கைக்காயாவது கையில் வந்துவிடும். "தண்ணியெண்டா உதெல்லோ தண்ணி" என்று என் கணவர் சாப்பாட்டுக்குச் சாப்பாடு சொன்னார்.

அக்காவின் மகள் முதல் பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். அடுத்த மாதம் பிள்ளை பிறக்க இருந்தது.

ஊர்க் கிணறுகளில் போத்தல் போத்தலாகத் தண்ணீர் எடுத்தபோது அந்தக் கிணற்றிலும் எடுத்தேன். அக்காவே வாளியைப் பிடித்தார். "எங்கடை தண்ணியிலை பிழை பிடிக்க ஏலாது பாருங்கோ" என்று சிரித்தார். முடிவு வந்தது. உரத்திலிருந்து இறங்கிய நைத்திரேற்று என்ற உப்பு அளவுக்கு மிஞ்சி இருந்தது. பெரியவர்களை அது உடனே ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் உடம்பு நீலம் பாரிக்கும், உயிருக்கே ஆபத்து. கொதிக்க வைத்தாலும் போகாது.

இதை நேரே சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. அதனால் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன், அறிக்கை எழுதினேன். திகதி, கிணற்று இலக்கம், கீழே கையெழுத்து. 'குழந்தைகளுக்கு உகந்ததல்ல' என்ற வரிக்கு அடியில் கோடு வேறு! கடித உறையில் போட்டு நீட்டினேன். அக்கா நின்றபடியே வாசித்தார். "ஓம்" என்றார். கடிதத்தை மடித்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை குடத்தோடு போனால் பொட்டைக் காணவில்லை. புதுப் பனையோலை வைத்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். இந்தப் பக்கத்தில் பொட்டை அடைத்தால், அந்த வீட்டோடு பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

"தண்ணி தந்த வீட்டுக்குக் கடுதாசியே குடுத்தனீர்? வாயில்லையே உமக்கு?" என்றார் கணவர்.

"அப்ப பிள்ளைக்கு ஏதும் நடந்தாப் பிறகு சொல்லட்டோ?" என்று சீறினேன். சீறிவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன். மகள் வேலியடியில் குந்தியிருந்து ஆட்டுக்குட்டியைக் கூப்பிட்டாள். அது அந்தப் பக்கமிருந்து கத்தியது.

கடையில் வடித்த தண்ணீரைப் பிளாஸ்டிக் கான்களில் வாங்கிக் குடித்தோம். எழுத வந்த புத்தகம் ஓர் அடி நகரவில்லை. அந்த மனிசி என் கடதாசியை நம்பினாரா, கிழித்து அடுப்பில் போட்டாரா? அடுத்த மாதம் ஒரு பகல் வேலிக்கு அப்பால் குழந்தை அழும் சத்தம் கேட்டது. இரண்டு நாள் கழித்துக் கணவர் கடையில் கேட்டுவந்த செய்தியைச் சொன்னார்: "தாய்க்குப் பால் காணாதாம். பால்மா கரைச்சுத்தானாம் குடுக்கினம்."

 எங்கள் தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு வாசல் படலை வரை போனேன். அங்கேதான் புத்தி வந்தது. இதைக் கொண்டுபோவதும், உங்கள் தண்ணீர் கூடாது என்று இன்னொரு கடதாசி நீட்டுவதும் ஒன்றுதானே! கானை வைத்துவிட்டு வெறுங்குடத்தை எடுத்தேன். மகளும் கூட வந்தாள். றோட்டால் சுற்றிப் போனோம்.

அக்கா முற்றத்தில் நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அக்கா, குடிக்கத் தண்ணியில்லை. அள்ளட்டோ?"

அவர் கிணற்றடிக்குப் போய்த் தானே ஒரு வாளி இழுத்தார். நான் இரண்டு கையையும் ஏந்தி வயிறு முட்டக் குடித்தேன்.

"என்னை இது ஒண்டும் செய்யாதக்கா. பச்சைப்பிள்ளைக்கு மட்டும் வேண்டாம். கொதிக்க வைச்சும் வேண்டாம். கடுதாசி தந்தது என்ரை பிழைதான். என்னோடை எவ்வளவும் கோவியுங்கோ, பிள்ளைக்கு மட்டும்..." 

"என்ன கதை கதைக்கிறியள்? நீங்கள் கடுதாசி தந்த அண்டைக்கே என்ரை மனுசன் கடைத்தண்ணிக்குச் சொல்லிப்போட்டார். பிள்ளைக்குப் பிறந்த நாள் துவக்கம் அதுதான்."

குசினி வாசலில் இரண்டு நீலக் கான்கள் இருந்தன. அப்பாடா என்று இருந்தது. கூடவே கோபமும் வந்தது.

"பிறகேனக்கா பொட்டை அடைச்சனீங்கள்?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. என் மகளைப் பார்த்தார்.

"இவளும் இவ்வளவு நாளும் உதைத்தானே குடிச்சவள். நல்ல தண்ணி எண்டு நானெல்லோ கூப்பிட்டுக் குடுத்தனான். இனி எந்த முகத்தோடை வாங்கோ எண்டு சொல்லுறது?"

 மகள் அதற்குள் வேலிக்கு ஓடிப்போய் ஓலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அக்கா குசினிக்குள் போய்க் கத்தியோடு வந்தார்.

"தள்ளி நில்லு பிள்ளை, ஓலை கையை வெட்டிப்போடும்" என்று சொல்லி, பொட்டை மூடிய கட்டுகளை ஒவ்வொன்றாக அறுத்தார்.