அக்கா படித்த எம்.ஏ.

அக்கா போய் ஓராண்டு ஆகிறது. இந்த மாதிரி நினைவு மலர்களில் ‘மறைந்தும் மறையாமல் நம்மோடு வாழ்கிறார்’ என்று எழுதுவார்கள். அக்காவின் வீட்டுக்காரர், என் மாமாவும் அப்படித்தான் தொடங்கச் சொன்னார். என் கைக்கு அது வரவில்லை. அக்கா நம்மோடு இல்லை. அவர் உட்கார்ந்து படித்த நாற்காலியில் இப்போது துவைத்த துணியை மடித்து வைக்கிறோம். இன்றைக்கு வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் என் கடுகடுப்பைப் பொறுத்துக்கொண்டு, அக்கா வாழ்ந்ததை வாழ்ந்தபடியே இந்தத் தம்பி சொல்லக் கேட்கும்படி வேண்டுகிறேன்.

அக்கா பிறந்தது ஆரம்பாக்கத்தில். அப்பாவை நாங்கள் நைனா என்று அழைப்போம். நைனாவும் அம்மாவும் பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டு, கதிர் அறுத்துப் பிழைத்தவர்கள். அக்கா பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய கோடையில் நைனா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். தேர்வு முடிவு வந்தபோது பள்ளியிலேயே அக்காதான் முதல். மேலே படிக்க வையுங்கள் என்று சொல்ல வாத்தியார் வீடு தேடி வந்தார். அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்தார், பதில் கொடுக்கவில்லை. அடுத்த மாதமே அக்கா கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு மாத்திரை கம்பெனியின் பேக்கிங் பிரிவில் சேர்ந்தார். நான் அப்போது அரைக்கால் சட்டைப் பையன். என்னை ஐ.டி.ஐ. வரைக்கும் படிக்க வைத்து, ஃபிட்டராக ஒரு கம்பெனிக்குள் அனுப்பியது அக்காவின் சம்பளம்தான்.

அந்தப் பேக்கிங் பிரிவில் ஒரு கண்டிப்பு உண்டு. உள்ளே போகிற பெண்கள் வளையல் போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது, பொட்டும் கூடாது. மாத்திரையில் விழுந்துவிடுமாம். எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போவது அக்காவுக்குப் பழக்கமாகிவிட்டது, கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான். மாமா இரும்பு கம்பெனியில் கிரேன் ஓட்டிக்கொண்டு குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதே, பஸ்ஸுக்கு நிற்கிற அக்காவைப் பார்த்து, ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் ‘பாவம், இந்த வயசுல’ என்று உச்சுக்கொட்டியதுண்டு. அக்கா அதை மாமாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சிரித்துக்கொண்டே இருந்தாலும் படிப்பு விட்டுப்போனது அவருக்குள் முள்ளாகவே கிடந்தது. பன்னிரண்டாம் வகுப்பு தேவையில்லை, நேரே பட்டம் படிக்கலாம் என்று கவரைப்பேட்டை ரயில்வே கேட் பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அஞ்சல்வழியில் பி.ஏ. வரலாறு. அக்கா சேர்ந்துவிட்டார். நம் பக்கத்துக் கம்பெனிகளில் எத்தனையோ பேர் அப்படிச் சேர்ந்தார்கள். நமக்குப் பட்டம் என்றால் பட்டம். அதற்குக் கீழே என்னென்ன இருக்க வேண்டும் என்று கேட்கிற அளவுக்குப் படித்தவர் எந்த வீட்டில் இருந்தார்? சுவரில் எழுதியிருப்பதை அரசாங்கமே சொன்னதாக நம்பினோம்.

கம்பெனி பஸ்ஸில்தான் படிப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் இன்னா படிக்கிற என்று கேட்பார்கள். அக்கா உடனே சொல்லத் தொடங்குவார். எந்த ராஜா எவன் நிலத்தின்மேல் கண் வைத்தான், எந்தத் தம்பி அண்ணனுக்குக் குழி பறித்தான் என்று பங்காளிச் சண்டை சொல்வது போலச் சொல்வார். டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பாராம். இறங்கும் இடம் வந்தும் சண்டை முடியாமல் போனால் பெண்கள் மறுநாள் காலை அக்காவுக்கு இடம் பிடித்து வைத்திருப்பார்கள். அந்த பஸ்ஸில்தான் அவருக்கு அந்த ஆசை வந்தது என்று நினைக்கிறேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியராக வேண்டும். கையில் சாக்பீஸோடு பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டும். அதற்கு முதலில் எம்.ஏ., பிறகு பி.எட். வேண்டும்.

பி.ஏ. முடித்தபோது அக்காவுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. சென்னையில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. வரலாற்றுக்கு இடம் கிடைத்தது. நேரடி வகுப்பு, தினமும் போக வேண்டும். வேலையை விட்டால்தான் முடியும். அம்மா வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார்.

“வயசுக்கு வந்த பொண்ண ஊட்ல வச்சிக்கினு உனுக்கு இன்னாத்துக்குடி இந்தப் பேஜாரு?” என்றார்.

மாமா அதிகம் பேசுகிறவர் இல்லை. “போவட்டும் அத்த” என்று ஒரு வார்த்தை சொன்னார். அன்றைக்கு முடிவானது.

கல்லூரிக்குப் போகும் முதல் நாளுக்காகப் பொன்னேரி கடைத்தெருவில் கண்ணாடி வளையல் வாங்கினார் அக்கா. இரண்டு கை நிறையப் போட்டு, பூவும் வைத்துக்கொண்டு ரயில் ஏறினார். இத்தனை வருடம் போடாததை எல்லாம் ஒரே நாளில் போட்டுத் தீர்த்தார். வகுப்பில் குறிப்பெடுக்கும்போது சலசலவென்று சத்தம் கேட்டுப் பக்கத்துப் பெண்கள் முறைத்தார்களாம். முதல் வாரம் ஆன்ட்டி என்றார்கள். தேர்வு நெருங்கியதும் அக்கா அக்கா என்று குறிப்புகளுக்குப் பின்னால் சுற்றினார்கள். நம் பாதையில் ரயில் எங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. இருந்தும் ஒரு வகுப்பையும் விடக்கூடாது என்று, விடியும்முன்னே சமைத்து வைத்துவிட்டு ஓடுவார். காலை நாஷ்டாவைச் சாப்பிட்டாரா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. நன்றாகத்தானே இருக்கிறார் என்றிருந்தோம். உண்மையிலேயே அவர் முகத்தில் அப்படி ஒரு களையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

முதலாண்டுத் தேர்வு எழுதினார். எல்லோருக்கும் முடிவு வந்தது, அக்காவுக்கு நிறுத்தி வைத்திருந்தார்கள். கல்லூரியில் கேட்டதற்கு, சரியாகிவிடும், வகுப்புக்கு வந்துகொண்டிருங்கள் என்றார்கள். வந்துகொண்டிருந்தார். இரண்டாம் ஆண்டுத் தேர்வுக்கு ஹால் டிக்கெட் கொடுத்த அன்று அக்காவுக்கு மட்டும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காமல் வாங்கிய பட்டத்தை மேற்படிப்புக்கு ஏற்க முடியாதாம். சேர்த்துக்கொண்டபோது அது யார் கண்ணிலும் படவில்லை. இரண்டு வருடம் உட்கார வைத்துப் பாடம் நடத்திவிட்டு, எழுதப்போகும் நேரத்தில் கண்டுபிடித்தார்கள்.

அக்கா அழவில்லை. தேர்வு நாட்களில் வழக்கம்போல ரயில் ஏறிக் கல்லூரிக்குப் போனார். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கூடப் படித்த பெண்கள் எழுதிவிட்டு வெளியே வந்ததும் கேள்வித்தாளை வாங்கிக்கொண்டு, அங்கேயே மடியில் அட்டையை வைத்து, மணி பார்த்து மூன்று மணி நேரம் எழுதினார். எல்லாத் தேர்வுக்கும் அப்படித்தான். அவருடைய பேராசிரியை அந்த விடைத்தாள்களை வாங்கிப்போய்த் திருத்தி மதிப்பெண் போட்டுக் கொடுத்தார். முதல் வகுப்பு. அதை மாமாவிடமும் மகளிடமும் காட்டினார். அன்று வீட்டில் கேசரி செய்தோம்.

பன்னிரண்டாம் வகுப்புதானே இல்லை, எழுதிவிட்டால் போயிற்று என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த வருடம் அக்காவின் மகளும் பிளஸ் டூ. தாயும் மகளும் ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்தார்கள். பொருளியல் அம்மாவுக்கு ஏறவில்லை என்று மகள் சலித்துக்கொள்வாள், நீ வரலாறு படிக்கிற லட்சணம் தெரியாதா என்று அக்கா திருப்பிக் கொடுப்பார். மகள் பள்ளியிலும் அக்கா தனித்தேர்வராக வேறொரு பள்ளியிலும் எழுதினார்கள். இருவரும் தேறினார்கள். இந்தப் பகுதிக்காவது நான் சந்தோஷமாக எழுதிக்கொள்கிறேன், அனுமதியுங்கள்.

அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு அக்கா பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனார். நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். அங்கிருந்த அலுவலர் நல்ல மனிதர். அக்காவை உட்காரச் சொன்னார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். கடுகடுவென்று பேசியிருந்தால் நான்கு வார்த்தை கேட்டிருப்பேன், அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார்.

“பத்து, அப்பறம் பன்னெண்டு, அப்பறம்தாம்மா டிகிரி. நீங்க டிகிரி முடிச்சிட்டு பன்னெண்டு எழுதிக்கினு வந்திருக்கீங்க” என்றார்.

“இப்பதான் எல்லாமே இருக்குதே சார்?” என்று அக்கா கேட்டார்.

“இருக்குதும்மா. வரிசையில இல்லையே.”

இனி என்ன செய்யலாம் என்று கேட்டோம். பி.ஏ.வை மறுபடி முதலில் இருந்து படித்தால், அதற்குப் பிறகு எம்.ஏ.வையும் முதலில் இருந்து படிக்கலாம் என்றார். படித்த அதே பாடம்தான். அவர் கேலியாகச் சொல்லவில்லை, அதுதான் விதி.

ரயிலில் திரும்பினோம். கவரைப்பேட்டையில் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு வண்டி நின்றது. அங்கேதான் சொன்னார், திரும்ப பி.ஏ. சேரப்போவதாக. வேண்டாம் அக்கா, போதும், உன் வயசு என்ன, இதெல்லாம் முடிந்து நீ பள்ளிக்கூடத்துக்குள் போவதற்குள் ஓய்வு பெறும் வயது வந்துவிடும் என்று நான் வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். சொன்னது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

“வரிசையில தானடா வரச் சொல்றாங்க. வந்துட்டுப் போறேன்” என்றார்.

அந்த வருடம் தாயும் மகளும் சேர்ந்தே பி.ஏ.வில் சேர்ந்தார்கள். மகள் பொன்னேரியில் கல்லூரிக்குப் போனாள். அக்கா மறுபடி அஞ்சல்வழியில், மறுபடி வரலாறு, மறுபடி அதே மாத்திரை கம்பெனியின் பேக்கிங் பிரிவில். இந்த முறை பஸ்ஸில் யாருக்கும் கதை சொல்லவில்லை. பழைய தோழிகள் கேட்டால், சொன்ன கதையையே எத்தனை தடவை சொல்வது என்பாராம். மகள் வருடாவருடம் தேறி மேலே போனாள். அக்கா படித்து முடித்ததையே படித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் ஆண்டில் வயிற்று வலி வந்தது. நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்த கேஸ் என்று மருந்துக்கடையில் வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தார். மெலிந்தார். சென்னை அரசு மருத்துவமனையில் சேர்த்தபோது புற்று இரைப்பையைத் தாண்டியிருந்தது. செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்று மருத்துவர் மாமாவையும் என்னையும் தனியே கூப்பிட்டுச் சொன்னார். மாமா சரி சார், சரி சார் என்றே சொல்லிக்கொண்டு நின்றார். தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பையில் புத்தகங்களை எடுத்து வரச்சொன்ன அக்கா, ஒன்றையும் பிரிக்கவில்லை.

வார்டில் ஒரு நாள், பயிற்சிக்கு வந்திருந்த நர்ஸ் பெண் ஒவ்வொரு கட்டிலாக விவரம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். பெயர், வயது, ஊர். பிறகு, எதுவரைக்கும் படித்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். அக்கா மோட்டுவளையைப் பார்த்து யோசித்தார்.

“பத்தாவது” என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண் அடுத்த கட்டிலுக்குப் போனதும், இன்னாக்கா இப்படிச் சொல்ற, படிச்சதெல்லாம் எங்கே போச்சு என்று கேட்டேன்.

“அதுவரைக்கும்தான்டா யாரும் ஒன்னும் சொல்லல” என்றார்.

நான் வெளியே போய்ப் படிக்கட்டில் நின்று அழுதேன். தேர்வு தொடங்குவதற்குப் பத்து நாள் முன்னால், மாமாவும் மகளும் பக்கத்தில் இருக்க, அக்கா காலையில் அடங்கினார்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அக்காவின் விடைத்தாள்களைத் திருத்திய பேராசிரியை அம்மா அவர்கள், தாம் ஓய்வு பெற்ற பிறகும் அவருக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். பேக்கிங் பிரிவுத் தோழிகள் முறை வைத்துக்கொண்டு வந்து வார்டில் துணையிருந்தார்கள். மாமாவின் கம்பெனி நண்பர்கள் அவருக்காக ஷிஃப்ட் மாற்றிக்கொண்டார்கள், ரத்தமும் கொடுத்தார்கள். அந்த வார்டின் செவிலியர்களும் துப்புரவுப் பணியாளர்களும் கடைசி வரைக்கும் முகம் சுளிக்கவில்லை. எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கடைசியாக ஒன்று. இந்த மலரின் அட்டையைத் தயார் செய்யும்போது அச்சகத்துக்காரர், பெயருக்குப் பின்னால் படிப்பு என்ன போடட்டும் என்று கேட்டார். நம் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையானாலும் போஸ்டரானாலும் போடாமல் விடுவதில்லையே. எம்.ஏ. போடப்பா, செத்தவளை இனிமேல் யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்றார் மாமா. இத்தனை வருடத்தில் தனக்கென்று அவர் என்னிடம் கேட்டது அந்த ஒன்றுதான். போட்டிருக்கலாம். ஆனால் வரிசை தவறி வந்தவர் என்று ஒரு முறை சொல்லி அனுப்பியவர்கள், அட்டையைப் பார்த்து இன்னொரு முறை சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. விட்டுவிடச் சொன்னேன். அட்டையில் அக்காவின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஏன் ஒன்றும் போடவில்லை என்று யாரும் தயவுசெய்து மாமாவிடம் கேட்க வேண்டாம்.