சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால்

காலை ஏழு நாற்பதுக்கு என் மகள் இருமத் தொடங்கினாள். மூலக்குளத்தில் நாத்தனார் கட்டிய புது வீட்டின் கிரகப்பிரவேசம். ஹோமப் புகை ஹாலை விட்டுப் போகவே இல்லை. மகளுக்குப் பதினான்கு வயது. ஆஸ்துமா வந்து ஆறு வருடம். மூச்சு இழுத்தால் அடிக்கிற நீல பம்ப் என் கைப்பையில் இருந்தது. கைப்பை, பரிசுப் பொருட்களோடு உள்ளறையில். அறை பூட்டியிருந்தது.

அதை அவள் கையில் கொடுக்காதவள் நான்தான். "சொந்தக்காரங்க முன்னாடி எடுக்காத. வேணும்னா எங்கிட்ட வா, பாத்ரூம்ல போய் அடிச்சிக்கலாம்" என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தேன். பெண்ணுக்கு இழுப்பு என்று ஒரு பேச்சு கிளம்பினால் கல்யாணம் வரை கூடவே வரும். படித்தும் அந்தப் பயம் எனக்குப் போகவில்லை.

சாவி நாத்தனாரின் இடுப்பில். அவள் மாமியாரை அழைத்துவர ஸ்கூட்டரில் உப்பளம் போயிருந்தாள். போன் செய்தேன், பூட்டிய அறைக்குள்ளேயே மணி அடித்தது. கணவர் பைக்கை எடுத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப் தேடிப் போனார். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு எது திறந்திருக்கும்? ஐந்து நிமிடம் என்ற ஆட்டோவும் வரவில்லை.

"கதவ உடைங்க" என்றேன்.

"புதுக் கதவும்மா. பால் காய்ச்சுன அன்னிக்கே உடைக்கலாமா?" என்றார் கணவரின் பெரியப்பா. "வெந்நி குடு, சரியாப் பூடும். எங்க காலத்துல ஏது இதெல்லாம்? இப்பப் பொறக்குறதுங்க பஞ்சு மாரி இருக்குதுங்க."

நான் படித்தபோது வகுப்பில் ஒருத்திக்குத்தான் இழுப்பு. மழைக்காலம் முழுக்க வரமாட்டாள். ஏனென்று நாங்கள் கேட்டதில்லை. மகளின் வகுப்பில் ஐந்தாறு பேர் பையில் பம்ப் இருக்கிறது. ஊரில் புகை கூடிவிட்டதா, அன்று மறைத்ததெல்லாம் இன்று வெளியே வருகிறதா, எனக்குத் தெரியவில்லை. இத்தனை பிள்ளைகளுக்கு இருந்தும் அந்த ஹாலில் ஒருவரிடமும் அது இல்லையே என்றுதான் ஆத்திரமாக வந்தது.

மகள் முட்டியில் கைகளை ஊன்றிக் குனிந்திருந்தாள். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. "ம்மா... பை..." அதற்குமேல் மூச்சில்லை. நாத்தனாரின் எட்டு வயது மகள் சமையலறை வாசலில் நின்று எங்களையும் உள்ளேயும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ வேற குறுக்க நிக்காத, போ!" என்று விரட்டினேன்.

எட்டு ஐந்துக்கு ஸ்கூட்டர் வந்தது. நாத்தனார் என் மகளை ஒரு பார்வை பார்த்தாள். பூட்டிய அறைப் பக்கமே போகவில்லை. நேராகச் சமையலறைக்குள் ஓடி, சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டு, அதே மாதிரி ஒரு நீல பம்ப்பை எடுத்துவந்து மகளிடம் கொடுத்தாள். ஒன்று. இன்னொன்று. தோள்கள் மெல்லத் தணிந்தன.

"எங்க சின்னதுக்கும் ரெண்டு வருஷமா இருக்கு அண்ணி" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சிருந்தேன்."