ஜூலியின் வயிற்று ஸ்கேனுக்காக ஹனூரிலிருந்து மைசூருக்கு

ஜூலி எங்கள் வீட்டு நாய். வயது பத்து. ஒரு மாதமாகத் தின்றதையெல்லாம் வாந்தியெடுத்தாள். உள்ளூர் கால்நடை மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்து, குடலில் கட்டி இருக்கிறது, அறுவை செய்யலாமா என்பது ஸ்கேனில்தான் தெரியும் என்றார். அதனால் போன மாதம் ஒரு சனிக்கிழமை மைசூருக்குக் கிளம்பினோம்.

காலை ஆறு மணிக்குப் புறப்பாடு. எண்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், இரண்டரை மணி நேரம். வாடகைக் கார் போகவர மூவாயிரத்து ஐந்நூறு. ஓட்டுநர் முருகேசண்ணன். தன் வண்டியில் ஏறியவர் பசியோடு இறங்கினால் அவருக்குத் தூக்கம் வராது. ஜூலிக்கு முந்தைய இரவிலிருந்தே சாப்பாடு கிடையாது, தண்ணீர் மட்டும். கொள்ளேகாலில் டீக்கு நிறுத்தியபோது நான் முகம் கழுவப் போனேன்.

மருத்துவமனையில் வயிற்று முடியை மழித்து, ஜெல் தடவி, கருவியை வைத்தார்கள். மருத்துவர் திரையைப் பார்த்து முகம் சுளித்து, கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

"வயிறு ஃபுல்லா சாப்பாடு, காத்து. பின்னாடி ஏனும்... ஒண்ணும் தெரியல. என்ன குடுத்தீங்க?"

நான் திரும்பினேன். முருகேசண்ணன் தரையைப் பார்த்தார்.

"ரெண்டு பன்னுங்க. வாலாட்டுச்சு அம்மிணி, மனசு கேக்கலைங்க."

எனக்கு வந்த கோபத்தில் நன்றாகத் திட்டிவிட்டேன். மருத்துவர்தான், "பர்வாகில்ல, மூணு மணிக்குப் பாக்கலாம்" என்றார்.

மூன்று மணிக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. நல்ல குடலின் சுவர் அடுக்கடுக்காகத் தெரியுமாம். ஜூலிக்கு ஓரிடத்தில் அடுக்குகளே இல்லை, தடித்த கரும்பட்டைதான். ஈரலிலும் புள்ளிகள்; நோய் அங்கும் பரவிவிட்டதாம். ஈரலிலிருந்து ஊசியால் எடுத்த மாதிரியின் சோதனை முடிவும் சில நாள் கழித்துப் புற்றுநோய் என்றே சொன்னது.

"ஆபரேஷன் வேண்டாம். வாந்திக்கு, வலிக்கு மருந்து தர்றேன். இனி பத்தியம் ஒண்ணும் இல்ல, அது கேக்குறதக் குடுங்க" என்றார் மருத்துவர். நான் அங்கேயே அழுதேன். முருகேசண்ணன் ஜூலியைத் தூக்கிக்கொண்டு, "இதுக்கு என்னங்க புடிக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

இப்படிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பட்டினி விஷயத்தை வண்டியில் வரும் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். ஸ்கேனின்போது தலைமாட்டில் நீங்களே நில்லுங்கள், பிராணி அடங்கிக் கிடக்கும். அன்று திரும்பும்போது வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டரை மணி நேர வழியை நாங்கள் ஐந்து மணி நேரத்தில் கடந்தோம். ஜூலி எங்கெல்லாம் இறங்க ஆசைப்பட்டாளோ, அங்கெல்லாம் முருகேசண்ணன் வண்டியை நிறுத்தினார்.